நீ சொன்ன அந்த ‘நாங்கள்’

அன்பு மகன்,

தொலைபேசியில் ஒரு சொல்லில் முடிகிற பதிலுக்கு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று நெற்றியைச் சுருக்காதே. தொலைபேசியில் நீ என்னைக் கதைக்க விட்டால்தானே. “ஆறுதலாய் யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா” என்பாய். அடுத்த மூச்சிலேயே, விண்ணப்பம், அதுதான் அந்த அன்ட்ராக், நிரப்ப வேண்டும், உங்கள் பெயரையும் போடட்டுமா என்பாய். கடிதத்தில் நீ இடையில் புக முடியாது. இங்கே வுப்பர்டாலில் சனிக்கிழமைதோறும், மற்றப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருக்க, உன்னைத் தமிழ்ப் பாடசாலைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதன் பலனை இன்றைக்குத்தான் அனுபவிக்கப் போகிறேன். எழுத்துக் கூட்டியாவது வாசி. மருமகள் யூலியாவுக்கு நீயே ஜெர்மனில் சொல்லிவிடு, ஆனால் என் கோபத்தைக் குறைத்துச் சொல்லாதே. இங்கே கோயிலுக்கு வருகிற இன்னும் சில தாய்மார் இதே கேள்வியை வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து தொடங்குகிறேன். லைப்சிக்கில் உன் வீட்டு மேசையில் நான் கொண்டுவந்த கத்தரிக்காய்க் குழம்பும், யூலியா செய்த உருளைக்கிழங்குச் சலாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. யூலியாவின் அம்மாவும் வந்திருந்தார். அவரை நான் கலியாணத்தன்றிலிருந்து சம்பந்தி என்றே கூப்பிடுகிறேன். அது தனக்கு நான் வைத்த செல்லப்பெயர் என்று அவர் நம்புகிறார், நீயும் திருத்தவில்லை. சாப்பாடு முடிகிற நேரம், நீ என்னைப் பார்க்காமல் தண்ணீர்க் குவளையைப் பார்த்துச் சொன்னாய்: “அம்மா, நாங்கள் கனடாவுக்குப் போகப் போறம்.” பிறகு காரணம் சொன்னாய். கடையில் காசு கொடுக்க வரிசையில் நின்றபோது ஒருவன் உன்னையும் யூலியாவின் வயிற்றையும் பார்த்து, வந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள் என்றானாம். பக்கத்துத் தெருவிலிருந்துதான் வந்தேன், பாலை வாங்கிக்கொண்டு அங்கேதான் திரும்பிப் போவேன் என்று யூலியா சொன்னாளாம். சம்பந்தி சிரித்தார், நானும் சிரித்தேன், உன் முகத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. பிறக்கப் போகிற பிள்ளையின் காதில் அந்தப் பேச்சு விழக்கூடாது, இங்கே இனி உனக்கு ஏலாது என்றாய்.

நான் ஒன்றும் பேசவில்லை. அதிர்ச்சியில் வாயடைத்துப் போனேன் என்று நீ நினைத்திருப்பாய். அப்படியில்லை. உன் வசனத்தின் முதற் சொல்லிலேயே நான் தடுக்கி விழுந்துவிட்டேன். ‘நாங்கள்’ என்றாயே, அதற்குள் நான் இருக்கிறேனா? பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த கன்னியாஸ்திரி இதைத் தெளிவாகச் சொல்லித் தந்தார். கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் நாம், சேர்க்காமல் விட்டால் நாங்கள். பரீட்சையில் சரியாகத்தான் எழுதினேன். ஆனால் யாழ்ப்பாணத்து வாயில் ‘நாம்’ எங்கே புழங்குகிறது? சேர்த்தாலும் நாங்கள், விட்டாலும் நாங்கள். சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்வோம். நீயோ முகத்தைக் குவளைக்குக் காட்டிக்கொண்டிருந்தாய். கேட்டிருக்கலாம்தான். ஆனால், அந்தக் கணக்கில் நானும் சேர்த்தியோ என்று பெற்ற பிள்ளையிடம் ஒரு தாய் எப்படிக் கேட்பாள்? எனக்கும் மானம் இருக்கிறது. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.

மறுநாள் திங்கட்கிழமை நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டீர்கள். என் ரயிலுக்கு நேரம் இருந்ததால் சம்பந்தி என்னை நகரத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் விழுவதற்கு முன்பு, இந்த நாட்டில் குடிமக்களின் உரிமையைக் கேட்டவர்கள் திங்கட்கிழமைகளில் கூடிச் செபித்த கோயில், நீங்கள் பார்க்கத்தான் வேண்டும் என்றார். அவர்கள் தேவாலயம் என்பார்களோ வேறு என்ன சொல்வார்களோ, நான் எங்கள் வழக்கப்படி கோயில் என்றே எழுதுகிறேன். வாசலில் எங்கள் நிறத்தில் ஒரு பெண்பிள்ளை, கழுத்தில் ஒரு சின்னச் சிலுவையோடு, கைத்தொலைபேசியில் தமிழில் கதைத்துக்கொண்டு நின்றாள். அவள் கதைத்து முடித்ததும், இருந்த மனக்குழப்பத்திலும் பழக்கதோஷம் விடாமல் நான் கேட்டேன்: “பிள்ளை, நீங்கள் எங்கடை ஆக்களோ?” அவள் விழித்தாள். “கடையா ஆன்ட்டி? கடையெல்லாம் அந்த ஸ்ட்ரீட்ல இருக்கு, ஆனா இப்ப க்ளோஸ் பண்ணிடுவாங்க” என்று கை நீட்டிக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்களுடைய ஆட்கள் என்றுதான் கேட்டேன் என்று விளக்கியதும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். “அட, நம்ம ஆளுதான் ஆன்ட்டி! உள்ள வாங்க, நம்ம சர்ச்தான்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை, லுத்தரன் குடும்பம், இங்கே கம்பியூட்டர் வேலை. அவர்கள் ஊர்க் கோயிலைக் கட்டிய பாதிரிமார் ஒரு காலத்தில் இந்த லைப்சிக்கிலிருந்துதான் போனார்களாம். அதனால் அவளுக்கு இதுவும் ‘நம்ம சர்ச்’. நான் கத்தோலிக்கம், இலங்கை, யாரென்றே தெரியாதவள். கேள்வி கேட்காமல் என்னையும் அந்த ‘நம்ம’வுக்குள் போட்டுவிட்டாள். முதல் நாள் மத்தியானம் என் சொந்த மகன் வாயிலிருந்து வராத சொல், மகன். எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிர் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாங்கள் மட்டும் இந்த விஷயத்தில் சுத்தமானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உன் கலியாணம் பேச்சானவுடன் டுசல்டோர்ஃபிலிருந்து எங்கள் ஊர் அக்கா ஒருவர் போன் எடுத்து முதற் கேள்வியாகக் கேட்டது, பொம்பிளை எங்கடை ஆக்களோ என்றுதான். ஓம் அக்கா, மனிசர்தான், அவைக்கும் ரெண்டு கால்தான் என்று சொன்னேன். இன்றுவரை அவர் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. நீ சின்னவனாக இருந்தபோது ஜெர்மனி பந்தாட்டத்தில் வென்ற நாள் உனக்கு நினைவிருக்கிறதோ தெரியவில்லை. கன்னத்தில் கொடியின் மூன்று நிறமும் பூசிக்கொண்டு, நாங்கள் வென்றுவிட்டோம் என்று ஜெர்மனில் கத்திக்கொண்டு ஓடி வந்தாய். அப்பா பகிடியாக, அதில் எங்கடை ஆக்கள் யார் விளையாடினது என்று கேட்டார். நீ குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாய். அப்பா கதவுக்கு வெளியே நின்று கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிட்டார். நீ திறந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாய்.

அந்த லைப்சிக் கோயிலுக்குள் வெள்ளைத் தூண்களின் தலையில் சாந்தால் செய்த பச்சை ஓலை விரித்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஆளிடம் ஓலையைக் காட்டினால் குறை சொல்லாமல் இருக்க முடியுமா? பனையும் இல்லை, தென்னையும் இல்லை, ஈச்சையாக இருக்கலாம் என்று சம்பந்தியிடம் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நடுவில் இருக்கை வரிசையில் ஒரு வாங்கைத் தொட்டு, நானும் என் அண்ணனும் இதில்தான் இருந்தோம் என்றார். சுவர் விழுந்த அந்த இலையுதிர்காலத்தில் கோயில் நிரம்பி வழியுமாம். பக்கத்தில் இருப்பது செபிக்க வந்தவரா உளவு பார்க்க வந்தவரா என்று தெரியாதாம். செபம் முடிந்து வெளியே போனால் பொலிஸ் நிற்கும். அந்த முற்றத்தில் ஒரு பகுதியினர் ‘நாங்கள் வெளியேற வேண்டும்’ என்று கத்துவார்களாம். அதைக் கேட்டு மற்றப் பகுதியினர் ‘நாங்கள் இங்கேதான் இருப்போம்’ என்று கத்துவார்களாம். அண்ணன் முதற் கூட்டம், தங்கை இரண்டாவது. ஒரே வாங்கில் இருந்து ஒரே செபத்தைச் சொன்ன இருவரும் வெளியே வந்து ஆளுக்கொரு பக்கம் நின்று கத்தியிருக்கிறார்கள்.

வெளியேறுவதற்கு அவர்கள் சொன்ன சொல் ‘ரவுஸ்’. அந்தச் சொல்லை நான் நன்றாக அறிவேன். நாங்கள் வந்து சேர்ந்த புதிதில், அகதிகள் விடுதிச் சுவரில் கறுப்பு மையால் எழுதியிருந்தது அதுதான். ரவுஸ் என்றால் எங்களைப் பார்த்துச் சொல்வது என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இந்த நாட்டில் பிறந்த மனிதர்கள் அதைத் தங்களுக்காகவே ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்பது எனக்குப் புதினம். முதல் நாள் அதே ஊரில் நீயும் அதைத்தானே கேட்டாய். அண்ணன் பிறகு என்ன ஆனார் என்று சம்பந்தியிடம் விசாரித்தேன். ஹங்கேரி வழியாகப் போய் மேற்கில் குடியேறிவிட்டார். கொஞ்ச நாளில் எல்லை திறந்தது. அவரும் வந்து பார்த்திருக்கலாம், இவரும் போய்ப் பார்த்திருக்கலாம். தங்கையை விட்டுவிட்டுப் போனவர் என்று இவருக்குக் கோபம், கோழை என்று தன்னை எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள் என்று அவருக்குக் கோபம். எல்லை திறந்த பிறகும் இருவரும் கதைக்கவில்லை. போன வருடம் அண்ணன் செத்த செய்தி தபாலில் வந்ததாம். சம்பந்தி அழவில்லை. வாங்கின் விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே எனக்குச் சொன்னது இதுதான்: “நான் இங்கேயே இருந்தது சரி. அவன் போனதும் சரி. கதைக்காமல் இருந்ததுதான் பிழை.”

இன்றைக்கும் திங்கட்கிழமைகளில் நடக்கிற அந்தச் செபத்தில் இருந்துவிட்டு நாங்கள் இருவரும் வெளியே வந்தபோது, பெரிய வீதியில் வெளிநாட்டவர் வேண்டாம் என்கிறவர்களின் ஊர்வலம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. கொடிகள், மத்தளம், சிவந்த முகங்கள். ‘நாங்கள்தான் மக்கள்’ என்று கத்திக்கொண்டு போனார்கள். சம்பந்தியின் முகம் கறுத்துவிட்டது. அது எங்களுடைய வாக்கியம், நாங்கள் பொலிசைப் பார்த்துப் பயந்து நடுங்கிக்கொண்டு சொன்னது, இவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். எனக்கு ‘நாங்கள்’ என்கிற அந்த ‘வியர்’ மட்டும்தான் காதில் நின்றது. ஜெர்மன்காரருக்கும் எங்களைப் போல ஒரே சொல்தான், மகன். வியர். அதற்குள் நீ இருக்கிறாயா இல்லையா என்று அந்தச் சொல் சொல்லாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில், ‘வியர்’ உங்களுக்கு அறிவிப்போம் என்பார்கள். அதில் நான் இல்லை. நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் கிறிஸ்மஸுக்கு, ‘வியர்’ எல்லோரும் ஒரே குடும்பம் என்பார்கள். அதில் நான் பாதி. அப்பா ஆசுப்பத்திரியில் கிடந்தபோது காலையில் வருகிற தாதி, இன்றைக்கு ‘வியர்’ எப்படி இருக்கிறோம் என்று கேட்பாள். அப்பா ஒரு நாள் அவளுக்குத் தமிழிலேயே பதில் சொன்னார்: “நீங்கள் நல்லாய்த்தான் இருக்கிறியள் பிள்ளை, எனக்குத்தான் ஏலாது.” அவள் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். வந்த நாளிலிருந்து இந்த ஊரில் யார் ‘வியர்’ என்றாலும் நான் முகத்தைப் பார்த்து, குரலைப் பார்த்து, உள்ளேயா வெளியேயா என்று கணித்துக்கொண்டேதான் வாழ்ந்திருக்கிறேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் மட்டும் அந்த வேலை இல்லை. நீயும் அப்பாவும் ‘நாங்கள்’ என்றால் அது நாங்கள்தான்.

அன்று பின்னேரம் ரயில் நிலையத்தில் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். ரயில் வந்து நின்ற பிறகுதான் கேட்டாய். “நீங்கள் ஏன் அம்மா ஒண்டும் சொல்லேல்லை? நாங்கள் எண்டு சொன்னது உங்களையும் சேர்த்துத்தான்.” ஓம் என்றேன். அது கேட்டதற்கு அடையாளமாகச் சொன்ன ஓம், வருகிறேன் என்ற ஓம் இல்லை. வழியெல்லாம் ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தேன். ஞாயிறு மத்தியானம் சொன்னபோதே நான் அதற்குள் இருந்தேனா, அல்லது என் முகத்தைப் பார்த்த பிறகு சேர்த்துக்கொண்டாயா? நீ பொய் சொல்கிற பிள்ளை இல்லை. உனக்கே தெரியாமல் இருக்கலாம். யூலியாவோடு கட்டிலில் இருந்து இரவிரவாகக் கதைத்து எடுத்த முடிவு அது, அப்போது ‘நாங்கள்’ என்றால் நீங்கள் இருவரும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். குடும்பம் என்றால் அதுதான். அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

ஆகவே என் பதில்: நான் வரவில்லை. அப்பாவின் கல்லறையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்வேன், அதை எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். ஒரு தரம் நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, இன்னொருவருடைய ‘வியர்’ என்ற சொல்லுக்கு வெளியே நின்று, கதவு திறக்குமா என்று பார்த்துக்கொண்டு வாழ்ந்தாயிற்று. அந்தச் சீவியத்தை இன்னொரு தரம், புது நாட்டில், உன் வீட்டு விறாந்தையில் தொடங்க எனக்கு ஏலாது. நீங்கள் சாப்பாட்டு மேசையில் நாங்கள் வெளியே போகிறோம் என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் காலில் சப்பாத்தைப் போடுவதா விடுவதா என்று யோசிக்க வேண்டிவரும். உன்னிடம் அதைக் கணிக்க நான் விரும்பவில்லை. மற்ற எவரிடமும் கணிப்பேன், உன்னிடம் மாட்டேன்.

நீ போ. கோழை என்று உன்னை நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன், யாரையும் சொல்ல விடவும் மாட்டேன். அப்பாவும் நானும் ஒரு நாட்டை விட்டு ஓடி வந்தவர்கள், ஓடுகிறவனுக்குப் புத்தி சொல்ல எங்களுக்கு எந்த வாயும் இல்லை. ஆனால் போன பிறகு கதைக்காமல் இருந்துவிடாதே. கோபம் வந்தால் கோபத்தோடு போன் எடு. பிள்ளை பிறந்ததும் நான் வருவேன், வந்து யூலியாவுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்து, விருந்தாளியாக இருந்துவிட்டுத் திரும்புவேன். உன் அம்மா லைப்சிக்குக்கு வந்துவிட்டால் துணைக்கு என் அம்மா இருக்கிறார், திங்கட்கிழமைகளில் இருவரும் சேர்ந்து கோயிலுக்குப் போகலாம் என்று யூலியா உன்னிடம் சொன்னாளாம். நல்ல மனது அவளுக்கு. ஆனால் தனித்துப்போன இரண்டு மனுசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டால் அவர்களுக்குத் தனிமை போய்விடும் என்று அவளுக்கு யார் சொன்னது? நீ போன பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போதே தெரிகிறது. வானொலியை நான் கேட்பதற்காகப் போடுவதில்லை. தொங்கு ரயில் ஜன்னலோரம் சத்தம் போட்டுப் போனால், ஆள் நடமாட்டம் இருக்கிறதே என்று ஆறுதலாக இருக்கிறது. இதையெல்லாம் உன்னை நிறுத்துவதற்காக எழுதவில்லை. நீ கேட்டால் நல்லாய் இருக்கிறேன் என்றுதான் சொல்வேன், ஆகவே ஒரு தரமாவது உண்மை எழுத்தில் இருக்கட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. போன திங்கட்கிழமை எனக்கு டொக்டரைப் பார்க்க டெர்மின் இருக்கிறது, போனை நிற்பாட்டி வைப்பேன் என்று உன்னிடம் சொன்னேன். டெர்மின் இல்லை. நான் காலையில் ரயில் ஏறி லைப்சிக்குக்கு வந்தேன். சம்பந்திக்கும் சொல்லவில்லை. அந்தக் கோயிலில் தனியாக, பின் வாங்கில் இருந்தேன். விரும்பியவர்கள் முன்னால் வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்தி, தங்கள் மன்றாட்டைச் சொல்லலாம் என்று அன்று அழைத்தார்கள். ஒருவர் போர்களுக்காகச் சொன்னார், ஒருவர் கடலில் செத்தவர்களுக்காகச் சொன்னார். நானும் போனேன். அந்தக் காலத்தில் அந்த ஊர்ச்சனம் கத்தியதையே சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ‘வியர்’ வரவில்லை, மகன். நாங்கள் இங்கேதான் இருப்போம் என்று சொல்வதற்கு இன்னொரு ஆள் வேண்டுமே. என் மகன் போகிறான், நான் இங்கே இருக்கிறேன் என்று ஜெர்மனில் சொன்னேன். மற்ற மன்றாட்டுகளுக்குச் சொன்னது போலவே எல்லோரும் ஒரே குரலில், ஆண்டவரே இரக்கமாயிரும் என்றார்கள்.

பிறகு உன் தெருவுக்கு வந்தேன். உன் வீட்டு மணியை அடிக்கத்தான் வந்தேன். எதிர்ப்பக்கத்தில் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது கதவு திறந்தது. நீ பழைய பேப்பர் கட்டோடு வெளியே வந்து, நீலத் தொட்டிக்குள் போட்டாய். சட்டை மட்டும்தான் போட்டிருந்தாய், அந்தக் குளிரில். மெலிந்திருக்கிறாய். தொட்டியின் மூடியைச் சாத்திவிட்டு, ஏதோ யோசனையில் கொஞ்சம் நின்றாய். நான் உன் பெயரைச் சொல்லியிருந்தால் போதும், திரும்பியிருப்பாய். திரும்பியிருந்தால், அம்மா என்று ஓடி வந்திருப்பாய். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு ஓம் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல வந்திராது. நீ உள்ளே போகும் வரை நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மா